டெல்டாவிலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தவர்களுக்கு: பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து படிப்புக்கோ வேலைக்கோ தென்மேற்கு ஜெர்மனிக்கு வருபவர்கள், முதல் இரண்டு மாதத்துக்குள் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வந்துவிடுங்கள். கார் பிடிக்குமா பிடிக்காதா என்பது இரண்டாம் பட்சம். வயல் ஓரத்தில் ஆயில் எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவை அந்நியமாகத் தெரியாது. ரயில் டிக்கெட், பிளாட்பாரம், ஞாயிற்றுக்கிழமை அடைத்த கடை என்று புதிதாக வருபவரைத் திணறடிக்கும் விஷயங்களும் இந்த ஒரே நாளில் கைக்குப் பழகிவிடும்.

ஊரிலிருந்து இன்னும் கிளம்பாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பழைய ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் யாராவது அதை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுழற்றுவார். ஃப்ளைவீல் வேகம் எடுத்ததும் லீவரை விடுவார். 'டப்' என்று ஒரு அடி, கறுப்புப் புகை, பிறகு ஓட்டம் சீராகும். பம்பின் டெலிவரிப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன டியூப் எஞ்சினுக்குள் போய், வெதுவெதுப்பான தண்ணீராக வெளியே வரும். இதை மனதில் பதிய வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். இந்த வழிகாட்டியின் பின்பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

எந்த நாள் போவது

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். டிக்கெட் கவுண்டர் 5 மணியோடு சரி. நிதானமாகப் பார்க்க நாலு மணி நேரம் வேண்டும், ஆகவே பதினொரு மணிக்குள் உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. நுழைவுக் கட்டணத்தைக் கிளம்பும் முன் அவர்களுடைய தளத்தில் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும். மாணவர் அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும் முன் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய கால்பந்து மைதானம் இருக்கிறது. மேட்ச் நாளில் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. செப்டம்பர் கடைசியில் தொடங்கும் கான்ஸ்டாட் திருவிழாவும், ஏப்ரல் மே வாக்கில் நடக்கும் வசந்த விழாவும் அதே வட்டாரத்தில்தான். அந்த நாட்களில் சாயங்காலம் திரும்பும் ரயிலில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப் போவதாக இருந்தால் விசா தேதியை விவசாயக் கணக்கோடு பொருத்துங்கள். சம்பா அறுவடை முடிந்து, அந்த ஈரத்தில் தெளித்த உளுந்து, பயறும் பங்குனி வாக்கில் எடுத்தாகிவிடும். மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்பே ஆறு, வாய்க்கால், குறுவை நாற்றங்கால் என்று அப்பாவின் மனம் ஊருக்குப் போய்விடும். இடையில் கிடைக்கும் சித்திரை, வைகாசி இங்கே வசந்த காலம். பகலில் ஒரு ஸ்வெட்டரும் காற்று புகாத மேல்சட்டையும் போதும். மாசியில் வரவழைத்தால் குளிரில் அறையை விட்டே வெளியே வர மாட்டார்கள்.

ரயில்

ஸ்டுட்கார்ட் தலைமை நிலையத்தின் தரைக்கடியில் உள்ள எஸ்-பான் (நகர்ப்புற ரயில்) பிளாட்பாரத்திலிருந்து எஸ்1 ரயிலில், கிர்ஷ்ஹைம் திசையில் ஏறி, நெக்கார்பார்க் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பத்து நிமிட நடை. புதிதாக வருபவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: எஸ்1, எஸ்2, எஸ்3 மூன்றுமே அதே பிளாட்பாரத்தில் வரும், மூன்றுமே அடுத்துள்ள பாட் கான்ஸ்டாட் நிலையம் வரை ஒரே வழியில் போகும். அதற்குப் பிறகு எஸ்1 மட்டும்தான் நெக்கார்பார்க் பக்கம் திரும்பும், மற்ற இரண்டும் வைப்லிங்கன் பக்கம் போய்விடும். தப்பான வண்டியில் ஏறிவிட்டால் பதற்றப்படாமல் பாட் கான்ஸ்டாட்டில் இறங்கி அடுத்த எஸ்1 பிடியுங்கள்.

தலைமை நிலையத்தில் 2010 முதல் கட்டுமான வேலை நடக்கிறது. வெளியூர் ரயிலில் வந்து இறங்கி எஸ்-பானுக்கு மாறுவதற்கு ஆப் ஐந்து நிமிடம் என்று காட்டினாலும் நீங்கள் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 'எஸ்.இ.வி.' என்று பலகையில் இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிக்கெட் விஷயத்தில் உங்களுக்கும் பெற்றோருக்கும் கணக்கு வேறு. நீங்கள் மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு வண்டிகளில் செல்லாது. அது உங்கள் பெயருக்கு உரியது, அப்பாவிடம் கொடுத்து அனுப்ப முடியாது. சந்தாவை நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும், தவறினால் அடுத்த மாதப் பணமும் போகும். பெற்றோரோடு கூட்டமாகப் போகும்போது பாடன்-வுர்ட்டம்பெர்க் டிக்கெட்தான் லாபம். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை, மாநிலம் முழுக்க வட்டார ரயில்களில் போகலாம். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. 8.40 வண்டியில் ஏறி, 'இருபது நிமிடம்தானே' என்று பரிசோதகரிடம் சொல்லிப் பயனில்லை. பயணம் செய்பவர்களின் பெயர்களை ஏறுவதற்கு முன்பே டிக்கெட்டில் எழுதிவிட வேண்டும். செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். கும்பகோணம் டவுன் பஸ் மாதிரி ஏறிய பிறகு கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே கூடாது.

கையில் எடுத்துப் போவது

ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை தவிரக் கடைகள் அடைத்திருக்கும், ஆகவே சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை நல்லது, அதுவும் நல்லெண்ணெயில் செய்தது. தேங்காய் எண்ணெயும் நெய்யும் இந்தக் குளிரில் உறைந்து சோற்றின்மேல் படலமாக நிற்கும். சோற்றை முதல் நாள் இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கை விறைத்து மணல் மாதிரி ஆகிவிடும், காலையில் வடித்துக் கிளறி சூடு தாங்கும் டப்பாவில் அடைப்பதே சரி. இதையெல்லாம் கண்காட்சித் தளங்களுக்குள் பிரிக்கக் கூடாது, வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடுவதானால் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மெனுவில் 'லின்சன்' என்று பார்த்தவுடன் பருப்பு என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிடுவார்கள். பருப்புதான், ஆனால் இந்த ஊர் வழக்கத்தில் அதன்மேல் தொத்திறைச்சி வைத்து வரும். தொத்திறைச்சியை எடுத்துவிடச் சொன்னாலும் பருப்பே பன்றிக்கொழுப்பில் வெந்திருக்கலாம். 'கேஸ்ஷ்பெட்ஸ்லே' என்ற பாலாடைக்கட்டி போட்ட மாவு உணவு பொதுவாகச் சைவம். 'மவுல்டாஷன்' பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி.

ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் சிலவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பை வைக்கும் பெட்டிகள் பல இடங்களில் நாணயம் போட்டால்தான் பூட்டும், திறக்கும்போது நாணயம் திரும்பி வரும். நிலையத்துக் கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். குடித்த பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள், ஒன்றுக்கு 25 சென்ட் கடையில் திருப்பித் தருவார்கள்.

மேல்மாடி

2006இல் திறந்த கட்டடம் இது. உள்ளே நுழைந்ததும் லிஃப்ட் உங்களை நேரே உச்சிக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சரிவுப் பாதையில் காலவரிசைப்படி கீழே வர வேண்டும். இரண்டு பாதைகள் முறுக்கிய கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும், எந்தத் தளத்திலும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாம். ஆங்கிலத்தில் ஆடியோ கருவி கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இடையில் லிஃப்ட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நிற்பது கார் இல்லை, ஒரு வெள்ளைக் குதிரை. அதைத் தாண்டியதும் வரும் முதல் கூடத்தில்தான் உங்கள் நேரத்தில் பாதியைச் செலவழிக்கச் சொல்வோம். பெரும்பாலானவர்கள் பத்து நிமிடத்தில் கடந்து, கீழே பந்தயக் கார்களுக்கு ஓடிவிடுகிறார்கள்.

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டி அங்கே இருக்கிறது. அசல் வண்டி மியூனிக்கில் உள்ள டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது, இங்கே நிற்பது அதன் மறுவடிவம். முன்னாலிருந்து பார்த்தால் ரிக்‌ஷா மாதிரிதான் தெரியும். பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். ஃப்ளைவீல் படுத்துக் கிடக்கும், மாவரைக்கும் திரிகைக் கல்லைப் போல. செங்குத்தாக நிறுத்திச் சுழலவிட்டால் வண்டி திரும்புவதைத் தடுக்கும் என்று பென்ஸ் அஞ்சியதுதான் காரணம். ஸ்டார்ட் செய்வது அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான். ஒற்றை சிலிண்டர், 954 சிசி, நிமிடத்துக்கு 400 சுற்று, முக்கால் குதிரைத்திறன். வரப்பில் 1500 சுற்றில் ஓடும் 5 எச்.பி. எஞ்சின் இதைவிடச் சிறியது, ஆனால் ஆறு மடங்குக்கு மேல் வேலை செய்யும். அழுத்தமும் சுற்றும் கூடியதால் வந்த வித்தியாசம் அது. பெல்ட்டும் சங்கிலியும் எங்கே போகின்றன என்று விரலால் காற்றில் பின்தொடர்ந்து பாருங்கள், தொட மட்டும் கூடாது.

குளிர்விக்கும் முறைதான் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நம் எஞ்சினுக்குப் பம்பிலிருந்து புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வண்டிக்கு அந்த வசதி இல்லை, சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, தம் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்கும் கொஞ்சம் அதிகமான தூரம். வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கினார், துணிக் கறை போக்க விற்ற லிக்ராயின் திரவம் அது. குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மரப் பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை, தள்ளினார்கள். அதன் பிறகுதான் பென்ஸ் இன்னொரு கியர் சேர்த்தார். உங்கள் அம்மாவுக்கு இந்த இடத்தில் இதைத் தமிழில் சொல்லுங்கள், மற்ற எந்தக் காரையும்விட இது நினைவில் நிற்கும்.

அதே காலத்தில் தனியாக எஞ்சின் செய்த டைம்லரின் பக்கத்தையும் அதே கூடத்தில் பாருங்கள். பென்ஸின் எஞ்சின் மின்பொறியில் பற்றியது. டைம்லரும் அவருடைய கூட்டாளி மைபாக்கும் செய்தது, சுடரில் காய்ச்சிய குழாயால் பற்றியது. அவர்களுடைய எஞ்சின் நின்ற வாக்கில், பெண்டுலக் கடிகாரம் போல இருக்கும். 1885இல் அதைப் பொருத்திய மரச்சட்ட மோட்டார் சைக்கிளின் அசல், 1903இல் நடந்த தொழிற்சாலைத் தீயில் போய்விட்டது. பார்ப்பது மறுவடிவம்.

கீழே இறங்கும்போது

பென்ஸின் நிறுவனமும் டைம்லரின் நிறுவனமும் 1926இல் இணைந்து டைம்லர்-பென்ஸ் ஆயின. 1914 முதல் 1945 வரையிலான தளத்தில் டீசல் கார் வந்த கதை இருக்கிறது; 1936இல் வந்த 260 டி, தொடர் உற்பத்தியில் வந்த முதல் டீசல் கார்களில் ஒன்று. நாஜி ஆட்சியில் இந்த நிறுவனத்தின் ஆலைகளில் மனிதர்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். சுவரில் உள்ள அந்தக் காலத்து எழுத்துகளையும் படங்களையும் நின்று படியுங்கள்.

பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் உள்ள பக்கக் கூடங்களைத் தவறவிடாதீர்கள். புவனஸ் ஐரிஸில் ஓடிய, பூவேலை தீட்டிய எல்ஓ 1112 பஸ் ஒன்று அங்கே இருக்கிறது. மன்னார்குடி மினிபஸ்காரர் பார்த்தால் சொந்தம் கொண்டாடுவார். அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, ஏறத்தாழ 11 டன், அடுத்த இரண்டு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120. இதே கணக்கு நம் ஊர் லாரியிலும் இருக்கிறது. 1954 முதல் 1969 வரை டாட்டா, டைம்லர்-பென்ஸோடு கூட்டு வைத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. பெரியவர்கள் 'டாட்டா பென்ஸ்' என்பது அதைத்தான். கூட்டு முடிந்த பிறகும் எண் வைக்கும் முறை தங்கிவிட்டது. 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் 407இன் பெயரும் அந்த வழியில் வந்ததே. ஊரில் லாரி ஓட்டிய சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் அந்தப் பஸ்ஸின் படத்தை அங்கிருந்தே அனுப்புங்கள்.

நேரம் மிஞ்சினால் போர்ஷே அருங்காட்சியகத்துக்கும் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். அது ஊரின் மறுமுனையில், எஸ்6 பாதையில் நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிறுத்தத்தில் இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். அதைவிட, திரும்பும் வழியில் பாட் கான்ஸ்டாட்டில் இறங்கி, குர்பார்க் பூங்காவை ஒட்டியுள்ள டைம்லரின் தோட்ட வீட்டுக்கு நடந்து போங்கள். அனுமதி இலவசம், திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் பார்த்த எஞ்சின் பிறந்தது இந்தச் சின்னப் பட்டறையில்தான். ராத்திரி பகலாக உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டுத் தோட்டக்காரர், கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று போலீஸில் சொல்ல, அவர்கள் வந்து சோதித்துப் பார்த்துக் கருவிகளைத் தவிர எதுவும் கிடைக்காமல் திரும்பிப் போனார்களாம். அந்த வட்டாரத்தில் கனிம ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய்கள் உண்டு, காசில்லாமல் குடிக்கலாம். வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த உப்பு ருசி புதிதல்ல. மற்றவர்கள் முதலில் ஒரு வாய் மட்டும் குடித்துப் பார்த்துவிட்டுப் பாட்டிலை நிரப்புங்கள்.