போஸ்ட் கழன்றால் சிமென்ட்டைத் திட்டாதீர்கள்

ரூட் கெனால் முடித்து, வேருக்குள் ஃபைபர் போஸ்ட் (கிரௌனைத் தாங்கும் நாரிழைக் குச்சி) வைத்து, கிரௌனும் போட்டு அனுப்பிய பல்லில், சில மாதத்தில் கிரௌன் போஸ்ட்டோடு சேர்ந்து கழன்று வரும். ஃபைபர் போஸ்ட்டில் அதிகம் பார்க்கிற தோல்வியே இதுதான். உடனே நாம் சிமென்ட் கம்பெனியை மாற்றுவோம். அதற்கு முன் கழன்ற போஸ்ட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிமென்ட் போஸ்ட்டின் மேலேயே இருக்கிறதென்றால் பிடிப்பு விட்டது வேரின் உட்புறத்தில் இருக்கும் டென்டின் (பல்லின் உள்திசு) சுவரில். அந்தச் சுவரைக் கடைசியாக எதை விட்டுக் கழுவினீர்கள்?

பெரும்பாலும் பதில், ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ). கிருமியைக் கொல்லவும் இறந்த திசுவைக் கரைக்கவும் அதற்கு ஈடு கிடையாது, ரூட் கெனால் செய்யும்போது தாராளமாக விடுங்கள். ஆனால் போகிற போக்கில் அது டென்டினை ஆக்ஸிஜனேற்றம் செய்துவிட்டுப் போகிறது, அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளையும் சிதைக்கிறது. சிமென்ட்டில் உள்ள ரெசின் இறுகுவது ஃப்ரீ ராடிக்கல் வினையால் என்பதால், ஆக்ஸிஜன் தேங்கிய சுவரை ஒட்டிய ரெசின் சரியாக இறுகாமல் நின்றுவிடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடும் இதே ரகம்தான். விட்டாயிற்று, இப்போது என்ன செய்ய என்றால், 10% சோடியம் அஸ்கார்பேட் விட்டுக் கழுவினால் இழந்த பிடிப்பில் பெரும்பகுதியை மீட்கலாம். (வைட்டமின் சியின் உப்புதான் அது.) சில செல்ஃப் அட்ஹெசிவ் (தானே ஒட்டிக்கொள்ளும்) சிமென்ட்டுகளின் குறிப்புத் தாளிலேயே ஹைப்போ விட்டு, பிறகு தண்ணீரில் அலசச் சொல்லியிருக்கும். அங்கே தாள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அந்த அலசலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேரைக் குடையும்போது சுவரில் படியும் தூள் படலமான ஸ்மியர் லேயரை எடுக்க 17% ஈடிடிஏ திரவம் ஒரு நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று பத்து நிமிடம் விட்டால் டென்டின் அரித்துப் போகும், அதற்குமேல் ஹைப்போவும் விட்டால் அரிப்பு கூடும். இன்னொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடின் பிடிக்கும் என்றால் 2% விடலாம், கொலாஜனைத் தின்னும் நொதிகளை அது அடக்கும். ஆனால் நடுவில் தண்ணீரோ சலைனோ விட்டு அலசாமல் ஹைப்போவோடு சேரவிட்டால் பழுப்பாக ஒரு வண்டல் படிந்து டென்டின் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

சரி, இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்களே கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. போஸ்ட்டுக்கு இடம் எடுக்கும் டிரில். கழுவி, சீலர் (இடுக்குகளை மூடும் பசை) வைத்து, கட்டாபெர்ச்சா (வேரை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) அடைத்த பிறகுதான் அந்த டிரில் உள்ளே போகிறது, அது சுற்றும் சூட்டில் கட்டாபெர்ச்சா இளகி, சீலரோடும் டென்டின் தூளோடும் கலந்து சுவர் முழுக்க அப்பிக்கொள்ளும். இது புது ஸ்மியர் லேயர், முன்பு கழுவியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பழையதைவிடப் பிடிவாதமானதும்கூட. சீலரில் யூஜினால் இருந்தால் இன்னும் மோசம், ரெசின் இறுகத் தேவையான ராடிக்கல்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நானும் சில வருடம் டிரில் முடிந்ததும் ஒரு சிரிஞ்ச் தண்ணீர் அடித்துவிட்டு நேரே சிமென்ட்டுக்குப் போனவன்தான். இப்போது அல்ட்ராசோனிக் முனை வைத்துச் சுவரைச் சுரண்டாமல், உருப்பெருக்கியில் சுற்றிலும் பார்க்காமல் சிமென்ட்டைத் தொடுவதில்லை. இளஞ்சிவப்பாக எங்கேயாவது ஒரு கீற்று தெரிந்தால் அது கட்டாபெர்ச்சா. அடியில் அடைப்பாக விட்டுவைக்கும் 4-5 மி.மீ. மட்டும்தான் தெரியலாம், சுவரில் தெரியக்கூடாது.

அப்புறம் உலர்த்துவது. காற்றை அடித்து வறட்டிவிட்டால் கொலாஜன் வலை சுருங்கி ரெசின் உள்ளே நுழையாது, கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் வந்தால் அது தனிக் கதை. ஈரத்தை உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் போதும். கடைசியாக வெளியே வருவது லேசான ஈரத்தோடு, நிறம் எதுவும் ஒட்டாமல் வர வேண்டும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் உள்ளே இன்னும் சீலர் இருக்கிறது, திரும்பப் போய்ச் சுரண்டுங்கள்.