கருப்பு ட்யூபைக் கடைசியாக வாங்குங்கள்

படம் வரையக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் 24 கலர் பெட்டியோடுதான் வருவார்கள். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவேன். அக்ரிலிக் பெயின்ட்டில் ஐந்து ட்யூப் போதும்: லெமன் யெல்லோ, ஒரு சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, வெள்ளை. கருப்பு இப்போதைக்கு வேண்டாம்.

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. பிரெஞ்சு ஓவியர் மொனே 1872 என்று தேதியிட்ட 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தை போனில் திறந்துகொள்ளுங்கள். பிரான்ஸின் லெ ஹாவர் துறைமுகம், சாம்பல் நீல மூட்டம், நடுவே ஆரஞ்சுச் சூரியன். பார்த்ததும் கண் அந்தச் சூரியனில்தான் போய் நிற்கும். இப்போது படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும்! அதன் வெளிச்சமும் சுற்றியுள்ள வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது நிறம் மட்டும்தான்.

ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதைத்தான் டோன் என்கிறோம். மொனே தெரிந்தே டோனைச் சமமாக வைத்தார். நாம் தெரியாமல் வைத்துவிடுகிறோம், அதுதான் சிக்கல். அதனால் உங்கள் படத்தையும் பாதியிலேயே போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையில் பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மேலே எத்தனை கலர் பூசினாலும் முகம் எடுபடாது. ஒன்றை அடர்த்தியாக்குங்கள், அல்லது மற்றதை வெளுக்க வையுங்கள். போன் இல்லையா, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்து எதிர் நிறங்கள். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும், கலந்தால் ஒன்றையொன்று மங்கடிக்கும். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கருப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கருப்பைக் கெடுத்திருந்தது. 1839-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். நீங்களும் சோதித்துப் பாருங்கள்: ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை ஆரஞ்சின் நடுவிலும் மற்றதை நீலத்தின் நடுவிலும் வையுங்கள். ஆரஞ்சில் இருப்பது லேசாக நீலம் பாய்ந்தது போல இருக்கும்.

கலக்கும்போது இது எப்படி உதவும்? சிவப்பு ஆப்பிளின் நிழலுக்குக் கருப்பைச் சேர்த்தால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். துளி பச்சை சேருங்கள், நிழலிலும் உயிர் இருக்கும். நல்ல இருட்டு வேண்டுமென்றால் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். அந்தப் பழுப்பு உண்மையில் அடர்ந்த ஆரஞ்சுதான், அதனால்தான் நீலத்தை அடக்குகிறது. நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த கருப்பு, பழுப்பு தூக்கலாக இருந்தால் வெதுவெதுப்பான கருப்பு. கொஞ்சம் வெள்ளை விட்டால் எந்த ட்யூபிலும் கிடைக்காத சாம்பல்கள் வரும். (கருப்பே கூடாது என்று சொன்னால் மொனே காலத்து இன்னொரு ஓவியரான மனே சண்டைக்கு வருவார், 1872-ல் அவர் வரைந்த சக ஓவியர் பெர்த் மோரிசோவின் உருவப்படத்தில் தொப்பியும் உடையும் கருப்போ கருப்பு. ஆனால் அவர் மனே!)

சரி, பயிற்சி. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த முத்துத்தோட்டுப் பெண்ணை உள்ளங்கை அளவில் நகலெடுங்கள். முதலில் நீலமும் பழுப்பும் கலந்த இருட்டால் பின்னணி, அப்புறம் முகத்தின் நிழல் பக்கம், அப்புறம் நீலமும் மஞ்சளுமான தலைப்பாகை. முத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு வட்டம் போடாதீர்கள், வெர்மீரும் போடவில்லை, காதில் மாட்டும் கொக்கிகூட இல்லை. மேலே ஒரு வெள்ளைத் தீற்று, கீழே காலரின் வெளிச்சம் பட்ட மங்கலான தடம், அவ்வளவுதான். அதற்குமேல் பிரஷ் வைத்தால் முத்து கோலிக்குண்டாகிவிடும்.