வீட்டு மின்சாரச் சோதனை: எர்த் உண்மையில் இருக்கிறதா?

வாடகைக்கு விடும் முன்போ குடியேறும் முன்போ, வீடு காலியாக இருக்கும்போதே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். எர்த் என்பது கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர். கீழே உள்ள அளவுகள் 230 வோல்ட் சப்ளைக்கு.

1. டிபி பாக்ஸ் (வீட்டு கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி)
30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். கரண்ட் இருந்தும் விழவில்லையா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். விழுந்துவிட்டால் எர்த் சரி என்று நினைத்துவிடாதீர்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

1.5 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு 10 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் அணையும் சுவிட்ச்), 2.5க்கு 16. அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று 32 மாட்டியிருந்தால், எம்சிபி விழும் முன் ஒயர் சூடேறி இன்சுலேஷன் உருகும்.

2. பிளக் பாயிண்ட்
டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இதற்கு உதவாது. கேட் III குறி (வீட்டு மின் இணைப்பில் அளக்க ஏற்றது என்ற பாதுகாப்புக் குறி) உள்ள மல்டிமீட்டர்தான் வேண்டும். சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருக்கவே கூடாது. அப்படியே பாயிண்டில் வைத்தால் நேரடி ஷார்ட்.

ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள் (ஃபேஸ் கரண்ட் வரும் ஒயர், நியூட்ரல் அது திரும்பும் ஒயர்):

- ஃபேஸ்–நியூட்ரல்: 230 அளவில்
- ஃபேஸ்–எர்த்: ஏறக்குறைய அதே
- நியூட்ரல்–எர்த்: ஓரிரு வோல்ட்

ஃபேஸ்–எர்த்தில் 60, 110 என்று அலைந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

3. பலர் ஏமாறும் இடம்
எர்த் ஒயர் வராத பாயிண்டில், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குக் கொடுத்திருப்பார்கள். மேலே சொன்ன மூன்று அளவும் அழகாக வரும். ஆனால் நியூட்ரல் அறுந்த நொடியில் வாஷிங் மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறும். உயிரைக் குடிக்கும் வேலை இது.

கண்டுபிடிக்க, அதே போர்டின் பக்கத்து பாயிண்டில் 2000 வாட் ஹீட்டரை ஓடவிட்டு நியூட்ரல்–எர்த்தை மறுபடி அளவிடுங்கள். சுமார் 9 ஆம்பியர் ஓடுவதால் அளவு கொஞ்சமாவது கூட வேண்டும். அசையாமல் 0.0 காட்டினால் உள்ளே அந்தத் துண்டு ஒயர் இணைப்பு இருக்கலாம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாறாக 5 வோல்ட்டைத் தாண்டினால் நியூட்ரல் ஜாயிண்ட் லூஸாக இருக்கக்கூடும்.

எர்த் ஒயரே வராத பாயிண்டில் இப்படி இணைத்திருந்தால், ஹீட்டர் போட்டாலும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது. உண்மையான எர்த் ஒயரும் அதோடு சேர்ந்திருந்தால்தான் பெரும்பாலும் ட்ரிப் ஆகும். அந்தத் தொல்லைக்காகவே சிலர் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. மெக்கர் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்)
இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 500 வோல்ட் டிசியில் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அதற்கு முன் எல்லா பிளக்கையும் எல்இடி பல்புகளையும் கழற்றுங்கள். விட்டுவைத்தால் அளவும் தவறும், பல்பும் போகும்.