எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்? எலும்பு, மூட்டு பயோமார்க்கர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு அரிக்கப்படுகிறதா, குருத்தெலும்பு தேய்கிறதா, மூட்டுச் சவ்வில் அழற்சி இருக்கிறதா என்பதையெல்லாம் ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடிப் பார்க்க உதவும் பொருள்களை பயோமார்க்கர் என்கிறோம். எலும்பை அடிக்கடி வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. அது உதிர்க்கும் துணுக்குகளைத்தான் தேட முடியும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் சரி, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களும் சரி, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எண்ணைப் பார்க்கிறார்கள், அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

நானும் அங்கேதான் சறுக்கினேன். ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு சிடிஎக்ஸ் அளந்தேன். எலும்பில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி முதல் வகைக் கொலாஜன். எலும்பை அரிக்கும் செல்கள் அதை வெட்டும்போது கழன்று ரத்தத்தில் கலக்கும் சிறு துண்டுதான் சிடிஎக்ஸ். நோயாளிகளுக்கு அது நன்றாகவே கூடுதலாக இருந்தது. இரண்டு வாரம் அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் மூத்த ஆய்வாளர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கெல்லாம் எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நோயாளிகளுக்குக் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில். ஒப்பீட்டுக் குழுவில் பெரும்பாலோர் எங்கள் கட்டடத்திலேயே வேலை செய்பவர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒழிந்த நேரத்தில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சிடிஎக்ஸ் பின்னிரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். நான் அளந்ததில் எலும்பைவிடக் கடிகாரமும் மதியச் சாப்பாடும்தான் அதிகம் இருந்தன. இரு குழுவுக்கும் மறுபடி காலையில், வெறும் வயிற்றில் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போனது.

சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளையும் சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பும் 2011இல் சேர்ந்து இரண்டு குறிப்பான்களை, அதாவது பயோமார்க்கர்களை, எல்லா ஆய்வுகளுக்கும் பொது அளவுகோலாகப் பரிந்துரைத்தன. ஒன்று இந்த சிடிஎக்ஸ். இன்னொன்று பி1என்பி, அதாவது எலும்பைக் கட்டும் செல்கள் புதுக் கொலாஜன் நெய்யும்போது கழற்றிவிடும் துண்டு. பி1என்பி உணவுக்கும் நேரத்துக்கும் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. இரண்டையும் ஒரே குழாயில் எடுத்த ரத்தத்தில் அளக்கிறோம் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

மாதிரி எடுக்கும்போது வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்துக்குள் எலும்பு முறிந்திருக்கிறதா? முறிந்த எலும்பு ஒட்டி ஆறி வரும் மாதங்களில் இந்தக் குறிப்பான்கள் ஏறியே இருக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது? அது பழுதாக இருந்தால் சிடிஎக்ஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும், எலும்பு வேகமாக அரிவதுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சில கருவிகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் சில சோதனைகளில் அளவு பொய்யாக ஏறும், சிலவற்றில் பொய்யாக இறங்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுபற்றி 2017இலேயே எச்சரித்தது. குருத்தெலும்பிலிருந்து வரும் காம்ப் என்ற புரதம் நடந்தாலே கூடும். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரிடம் உடனே எடுத்த ரத்தத்தையும், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

ஃப்ரீசரை மறந்துவிடுகிறோம். நோயாளிகளின் மாதிரி ஐந்து வருடம் உறைந்து கிடந்து, மற்றவர்களுடையது போன மாதம் வந்தது என்றால் வித்தியாசம் நோயாலா, காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. உருக்கி மறுபடி உறைய வைத்தது எத்தனை முறை என்பதையும் குழாயின் மேல் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த தவறு, பாசிட்டிவ் என்றால் நோய் என்று எடுத்துக்கொள்வது. இதனால் மனிதர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மூட்டுகள் அழற்சியால் வீங்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஒரு சோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள நூறு பேரில் 70 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும். நல்ல சோதனைதான். இதை எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பேருக்குச் செய்கிறோம், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. அந்தப் பத்தில் 7 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் ஏறத்தாழ 50 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 57 பேர் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள், நோய் இருப்பதோ ஏழு பேருக்கு.

அதே சோதனையை, விரல் மூட்டுகள் வாரக்கணக்கில் வீங்கி, காலையில் கை மடக்க முடியாமல் வருகிற 1000 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் 300 பேருக்கு நோய் இருக்கிறது என்று கொண்டால் 210 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 35 பேருக்குத்தான் பொய் பாசிட்டிவ். ஏழில் ஆறு உண்மை. சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது.

முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் தேடும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற புரதம் வயதானவர்களிடமும், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களிடமும் முடக்குவாதம் இல்லாமலே பாசிட்டிவாக வரும். நெகட்டிவ் வந்த முடக்குவாத நோயாளிகளும் நிறைய உண்டு. லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்களுக்குச் செய்யும் ஏஎன்ஏ சோதனையில் 1:40 (ரத்த நீரை நாற்பது மடங்கு நீர்த்துப் பார்ப்பது) என்ற குறைந்த அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வந்ததாக 1997இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. எச்எல்ஏ பி27 மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு இறுகும் நோய் வருவதே இல்லை. யூரிக் அமிலம் கூடினால் உடனே கவுட், அதாவது அந்த அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வாதம், என்பதும் இப்படித்தான். கூடியும் வாழ்நாள் முழுக்க வலியே வராதவர்கள் ஏராளம். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கித் துடிக்கிற நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அளவு இயல்பாகவும் இருக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் ஊசி ஊசியான படிகங்களைப் பார்க்க வேண்டும். 1961இலிருந்து இருக்கும் வழி அது, இன்னும் அதற்கு ஈடு வரவில்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கு இப்படி நம்பி நோயைக் கண்டறிய உதவும் ரத்தச் சோதனை எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இங்கே ஆய்வாளர்கள் செய்யும் தவறு வேறு. வலது முழங்காலின் எக்ஸ்ரேயை எடுத்து, ரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள குருத்தெலும்புத் துண்டோடு ஒப்பிடுகிறோம். அந்தத் துண்டு முழங்காலிலிருந்துதான் வந்தது என்று யார் சொன்னது? இடுப்பு, விரல்கள், முதுகெலும்புத் தட்டுகள் எல்லாம் சேர்ந்துதான் அதை உதிர்க்கின்றன. ஒரு முழங்காலைப் பற்றிய கேள்விக்கு உடம்பு முழுவதன் பதிலை வாங்குகிறோம். மற்ற மூட்டுகளின் நிலையையும் பதிவு செய்யாமல் இந்த ஆய்வைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

கணக்கில் நேரும் தவறுகள் எல்லாத் துறைக்கும் பொது என்பதால் சுருக்கமாக. 200 புரதங்களை ஒரே நேரத்தில் சோதித்தால், உண்மையில் எதற்குமே தொடர்பு இல்லாவிட்டாலும் தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற வழக்கமான 0.05 எல்லையில் சுமார் பத்து புரதங்கள் தேறிவிடும். முற்றிய நோயாளிகளையும் இருபது வயது இளைஞர்களையும் ஒப்பிட்டால் எந்தக் குறிப்பானும் ஜெயிக்கும். மருத்துவருக்கு உண்மையில் தேவைப்படுவது, லேசான வலியோடு வந்த இரண்டு ஐம்பது வயதுக்காரர்களைப் பிரித்துக் காட்டும் குறிப்பான். கண்டுபிடித்ததை வேறொரு ஊரில், வேறு ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும்வரை அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லாமல் இருப்பது நல்லது.

குறிப்பான் நன்றானால் நோயாளி நன்றானார் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சோடியம் ஃபுளோரைடு மருந்தை மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் சோதித்த முடிவுகள் 1990இல் வெளிவந்தன. கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்தது. ஸ்கேனை மட்டும் பார்த்தால் அபார வெற்றி. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில், மருந்து சாப்பிடாத குழுவில் 24 முறிவுகள், மருந்து சாப்பிட்ட குழுவில் 72. அடர்த்தி கூடியது, அந்த எலும்பின் தரம் கெட்டுப் போயிருந்தது. அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது முறியாத எலும்பு.

சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு ஒன்று. எலும்புப்புரை மாத்திரை தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களில் சிடிஎக்ஸ் இறங்கிவிடும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் மாற்றம் தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதனால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. ஆனால் சிடிஎக்ஸ் 0.50 இருந்தது 0.44 ஆனது என்று மகிழவும் வேண்டாம், 0.56 ஆனது என்று கலங்கவும் வேண்டாம். அது 12 சதவீத அசைவு. ஒரே மனிதரிடம் நாளுக்கு நாள் நேரும் ஏற்ற இறக்கமும் கருவியின் பிழையும் சேர்ந்தே அவ்வளவு வரும். உண்மையான மாற்றம் என்று சொல்ல, அளக்கும் முறையைப் பொறுத்து 25 முதல் 40 சதவீதமாவது நகர வேண்டும். இரண்டாம் முறை போகும்போது அதே ஆய்வகத்துக்கு, அதே காலை வேளையில், சாப்பிடாமல் போங்கள். ரத்தம் எடுத்த மணியை ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.