முன்னால் பட்டை ஏற்றுவதற்கு முன்னால்

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஓடுகிற பிக்கப் அது. பின்னால் பேரல் பேரலாய் ரப்பர் பால், அதற்கு மேலே ஒட்டுப்பால் சாக்கு. ஆனிச் சாரலில் செம்மண் பாதை குழைந்துவிட்டால் ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மற்றது வேரில் ஏறும், நடுவில் இருக்கிற குறுக்குச் சட்டம் மண்ணில் உட்கார்ந்துவிடும். ஆக்ஸிலின் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் வழிந்து, ஜாயிண்டுக்குள் சேறு புகுந்து ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை என் பட்டறைக்கு வந்தது. மூன்றாவது தடவை எஸ்டேட்காரர் கேட்டார்: "ஆசானே, பழைய ஜீப்புக்கு உள்ள மாதிரி முன்னாலயும் ஹவுசிங் வச்சித் தர முடியுமா?"

ஹவுசிங் என்றால் இரண்டு முன்சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் அச்சுக்கூடு. பட்டை என்கிற லீஃப் ஸ்பிரிங்கோடு அது சேசிஸில் மாட்டப்படும். வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறேன். குலசேகரம் பக்கத்துப் பையன்கள் பலர் இப்போது இதைக் கேட்டு வருவதால் எழுதுகிறேன். வெல்டிங் தெரிந்த யாரும் ஹவுசிங்கை வண்டிக்கு அடியில் நிறுத்திவிடலாம். ஸ்டியரிங் நம் சொல் கேட்கும்படி செய்வதுதான் வேலை.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. புத்தகத்து விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆகவே நான் செய்த மூன்றுமே எஸ்டேட் வேலிக்குள் ஓடுகிற வண்டிகள். பட்டறைக்கு லாரியில் ஏறி வந்தன, லாரியில் ஏறிப் போயின. மார்த்தாண்டம் சந்தைக்கும் அதே வண்டி போக வேண்டும் என்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இந்தப் பிக்கப் மாதிரி, முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் வண்டியில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். தார் ரோட்டில் அது சுகம். நாகர்கோவில் போய் வருகிறவருக்கு அதுதான் நல்லது, அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் பாரம் ஏறி முன்பக்கம் தாழும்போது நடுவில் உள்ள, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கிரவுன் பெட்டியும் சேசிஸோடு சேர்ந்து தரையை நெருங்குகிறது. ஹவுசிங் வண்டியில் சக்கரம் கல்லின் மேல் ஏறினால் கிரவுன் பெட்டியும் கூடவே ஏறும். ரப்பர் தோட்டத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். அமெரிக்காவில் டொயோட்டா ஃபோர் வீல் பிக்கப் 1985 மாடல் வரை முன்னாலும் ஹவுசிங்கோடு வந்தது. 1986-இல் டார்ஷன் பாருக்கு மாறிய பிறகு, அதைக் கழற்றிப் பழையபடி ஹவுசிங் வைக்கிறவர்கள் அங்கே ஏராளம்.

ஹவுசிங் தேடும்போது நாலு விஷயம் பாருங்கள். அகலம்: வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்பின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 1,225 மி.மீ. தான். பிக்கப்புக்கு அது போதாது, ஸ்பேசர் வைத்து இழுத்தால் வீல் பேரிங் தாங்காது. ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்கா ஜீப் ஒன்று உடைப்புக்கு வந்தபோது அதன் ஹவுசிங்கை எடுத்தேன். பக்கம்: எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, கிரவுன் பெட்டியும் அதே பக்கம் இருக்க வேண்டும். சக்கர போல்ட் வட்டம் ஒத்துப்போகிறதா என்பது மூன்றாவது. நாலாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்குள் பெரிய சக்கரமான கிரவுனின் பல்லையும் அதைச் சுற்றும் சின்னச் சக்கரமான பினியனின் பல்லையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். 43-க்கு 8 என்றால் 5.375, 41-க்கு 10 என்றால் 4.1. முன்னும் பின்னும் ஒரே கணக்கு வராவிட்டால் ஃபோர் வீல் போட்ட உடனே ஒன்றையொன்று முறுக்கி, ஷாஃப்ட் மூட்டான கிராஸ் உடையும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போகும். ஒரே வண்டியிலிருந்து முன், பின் இரண்டு ஹவுசிங்கையும் எடுத்துக்கொள்வது செலவுதான். ஆனால் அதில் நிம்மதி இருக்கிறது.

எதையும் அறுக்கும் முன் ஒரு நாள் முழுவதும் அளந்துகொண்டே இருங்கள். சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, சேசிஸில் இரண்டு பக்கமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு முனை தொடுகிற இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் புள்ளி வேண்டும். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவந்தால்தான் சேசிஸ் நேர். என் உதவியாளப் பையன் ஒரு நாள் தரையைக் கழுவிவிட்டான், புள்ளி எல்லாம் போயிற்று. "மக்கா, இனி ஆணி அடிச்சி வை" என்றேன். அன்றிலிருந்து சிமெண்டில் துளையிட்டு ஆணிதான். புது ஹவுசிங் உட்காரும்போது இரண்டு பக்க வீல்பேஸும் 3 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும்.

பழைய ஆர்ம், டார்ஷன் பார், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் அறுத்து எடுத்த இடத்தைக் கிரைண்டரால் சமப்படுத்துங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள். பட்டையின் நிலையான கண் முன்னால், பட்டை நீள இடம் கொடுத்து ஆடும் ஷேக்கிள் பின்னால் இருப்பது என் விருப்பம். பழைய ஜீப்பில் ஷேக்கிள் முன்னால் இருக்கும். பின்னால் வைத்தால் மேட்டில் மோதும்போது அச்சு பின்வாங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பட்டையைத் தாங்கும் ஹேங்கரின் போல்ட்டுக்குச் சேசிஸைத் துளைத்து, உள்ளே கனமான பைப் செருகி இரண்டு பக்கமும் வெல்டு வையுங்கள். வெறும் துளையில் போல்ட்டை முடுக்கினால் சேசிஸ் நசுங்கும். சேசிஸின் குறுக்காக நேர்கோட்டில் வெல்டு வைக்காதீர்கள், அங்கேதான் விரிசல் ஓடும். 7018 வெல்டிங் ராடு நல்லது, ஆனால் நம் ஊர்ச் சாரலில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்துவிடும். ஓவனில் காய வைத்துத்தான் எடுக்கிறேன்.

இந்தக் கட்டத்தில், பிடித்து நிற்பதற்காக அங்கங்கே புள்ளி வெல்டு மட்டும். எஞ்சின், பம்பர், முழு டேங்க் டீசல் எல்லாம் ஏறி வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் காஸ்டர் என்கிற சாய்வுக் கோணத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுபோல முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் தலையும் பின்னால் சாய வேண்டும். நான் 5 டிகிரி வைக்கிறேன். குறைந்தால் ஸ்டியரிங் அலையும், திரும்பிய சக்கரம் தானாக நேராகாது. ஆனால் காஸ்டருக்காக ஹவுசிங்கை உருட்டினால் பின்னால் நீட்டியிருக்கும் பினியன் மூக்கு கீழே இறங்கி, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் புரோப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். இரண்டு டிகிரிக்குள் என்றால் பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் மாட்டுகிற ஹவுசிங் முனையின் வெல்டை அறுத்து, முனையை மட்டும் திருப்பி ஒட்ட வேண்டும். அந்த வேலையை லேத்தில் பழகிய கையிடம் கொடுங்கள்.

இனி ஸ்டியரிங். பல்சட்டம் பக்கவாட்டில் நகரும் ரேக் ஸ்டியரிங் இருந்தால் அது உதவாது, பெட்டி ஸ்டியரிங் வேண்டும். நம் வண்டியில் பெட்டி சேசிஸின் வலது சட்டத்தில் இருக்கும். அதில் ஆடும் பிட்மேன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் என்கிற கம்பி குறுக்காகப் போய் இடது நக்கிளைப் பிடிக்கும்.

முதல் வண்டியில் நான் செய்த தவறு இங்கேதான். பழைய நக்கிள் ஆர்ம் கீழே இருந்தது, அதிலேயே லிங்கை மாட்டினேன். சாய்வு அதிகம் என்று தெரிந்தது, பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். பால் ஷெட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது டிரைவர் பிரேக் மிதிக்க, முன்பக்கம் தாழ்ந்தது, வண்டி தானாக ஓரத்துக்கு வெட்டியது. ஸ்டியரிங் சக்கரம் அவர் கையில் அசையாமலே இருந்தது. ரப்பர் மரம் ஒன்றில் தட்டி நின்றது, அந்த மரம் இல்லாவிட்டால் ஓடைதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

கணக்கு இதுதான். லிங்க் 800 மி.மீ. நீளம், அச்சுப் பக்க முனை 200 மி.மீ. கீழே என்று வையுங்கள். குறுக்குத் தூரம் 775. அச்சு 50 மி.மீ. மேலே வந்தால் அது 786 ஆகிறது. லிங்க் நீளாது, ஆகவே நக்கிள் 11 மி.மீ. தள்ளப்படுகிறது. ஆர்ம் 150 மி.மீ. என்றால் சக்கரம் 4 டிகிரி தானாகத் திரும்பிவிடும். அதே லிங்க் கிடைமட்டமாக இருந்தால் அதே 50 மி.மீ.க்கு நகர்வு 2 மி.மீ. கூட இல்லை.

ஆகவே வண்டி பாரத்தோடு நிற்கும்போது டிராக் லிங்க் மேல் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் நக்கிளின் தலையில் போல்ட்டால் மாட்டும் உயர ஆர்ம் வைத்து அச்சுப் பக்க முனையை ஏற்றுங்கள். பிட்மேன் ஆர்மை நீட்டி இறக்கினால் பெட்டி ஷாஃப்டுக்குச் சுமை கூடும். எந்த ஸ்டியரிங் ஆர்மையும் சூடேற்றி வளைக்காதீர்கள், வெல்டும் வைக்காதீர்கள். அது அடித்து உருவாக்கிய இரும்பு, சூடு பட்டால் அதன் பலம் போய்விடும். முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவான டோ-இன் 2 முதல் 3 மி.மீ. போதும்.

பிறகு ஒரு முன்சக்கரத்துக்கு அடியில் அயினிக் கட்டைகளை அடுக்கி, மற்றது தொங்கும்வரை ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு ஓரமும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் பட்டையைத் தொடுகிறதா, ஹவுசிங் ஆயில் சம்ப்பை முட்டுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முட்டுவதற்கு 3 செ.மீ. முன்னாலேயே பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பு பிடித்துவிட வேண்டும். புரோப்பல்லர் ஷாஃப்டின் நீண்டு சுருங்கும் ஸ்லிப் கழன்று வராத அளவு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டையை எடுத்து அடுத்த பக்கமும் இப்படியே. எல்லாம் சரியானால் முழு வெல்டு.

பட்டையையும் ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை முடுக்கியது நீண்டிருக்கும். புதிதாகப் போட்டதையும் 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 200-இல் ஒருமுறை முடுக்குங்கள். எஸ்டேட் டிரைவரிடம் நான் ஒரு ஸ்பானரும் பெயிண்ட் டப்பாவும் கொடுத்து அனுப்புவேன். நட்டிலிருந்து பிளேட் வரை வெள்ளைக் கோடு ஒன்று. கோடு விலகியிருந்தால் அன்றைக்குப் பால் ஏற்றக் கூடாது, எனக்குப் போன் வர வேண்டும்.