டைனமோவைக் குறை சொல்வதற்கு முன்

சைக்கிள் விளக்கு எரியவில்லை என்றதும் பலரும் முதலில் டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கப் போகிறார்கள். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் சாதாரண டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும்தான். கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. கோளாறு பெரும்பாலும் வெளியே இருக்கும்.

முதல் சந்தேகம் எர்த் மேல் வர வேண்டும். டைனமோவிலிருந்து விளக்குக்குப் போவது ஒரே ஒரு வயர். மின்சாரம் திரும்பி வருவது சைக்கிளின் இரும்பு வழியாக; இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். டைனமோவைப் பிடித்திருக்கும் கிளாம்பில் கூர்முனையுள்ள சிறு திருகு ஒன்று இருக்கும். அது பெயின்ட்டைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொட வேண்டும். திருகைத் தளர்வாக விட்டாலும், அந்த இடத்தில் துரு ஏறினாலும் விளக்கு விட்டு விட்டு எரிந்து, ஒருநாள் நின்றே போகும். டைனமோவின் உடலிலிருந்து விளக்கின் உடலுக்குத் தனி வயர் ஒன்றைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். எரிந்தால் குற்றம் எர்த்தில்தான். என்னைக் கேட்டால், மாட்டும்போதே இரண்டு வயராக இழுத்துவிடுவது உத்தமம்.

மின்சாரத்தை அளக்கும் மல்ட்டிமீட்டரை டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வைத்துச் சோதித்து, முள் அசையவில்லை என்று நல்ல டைனமோவைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. டைனமோ தருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். மீட்டரையும் ஏசியில் வைக்க வேண்டும்.

அடுத்தது பல்பு. வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன்னால் 2.4 வாட், பின்னால் 0.6 வாட் என்பது அதற்கேற்ற பங்கீடு. பின் பல்பு போனால் அதன் பங்கும் முன் பல்புக்கே வந்து சேரும். வேகமாக மிதித்தால் அதுவும் போய்விடும். அதனால் பின் பல்பை 'பிறகு பார்க்கலாம்' என்று விடக் கூடாது. 12 வோல்ட் டைனமோக்களும் விற்கின்றன. உடலில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் பல்பு வாங்க வேண்டாம்.

டார்ச்சிலிருந்து எடுத்த எல்இடியை டைனமோவில் நேராகக் கோப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஏசியில் அது நடுங்கி எரியும். எதிர்த்திசை மின்னழுத்தத்தை எல்இடி தாங்குவதும் இல்லை. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் நான்கைக் கொண்டு டிசியாக மாற்றினாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். விளக்கு இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் வேகம் கூடக் கூட வோல்ட்டேஜ் பல மடங்கு ஏறும். டைனமோவுக்கென்றே செய்த எல்இடி விளக்கில் இதற்கான பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. காசு செலவழிப்பதானால் இதில் செலவழியுங்கள். சிலவற்றில் மின்தேக்கியும் இருப்பதால் சிக்னலில் நின்றாலும் கொஞ்ச நேரம் எரியும்.

பொருத்தும் கோணத்தில் அலட்சியம் வேண்டாம். டைனமோவின் நடு அச்சிலிருந்து கற்பனையாக ஒரு கோடு இழுத்தால் அது சக்கரத்தின் அச்சுக்கு நேராகப் போக வேண்டும். சாய்ந்திருந்தால் டயரைத் தொட்டுச் சுழலும் உருளை டயரை அரைக்கும், மிதிப்பதும் பாரமாகும். மழையில் வழுக்குகிறது என்று டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவது டயரையும் பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கும். முதலில் டயரில் காற்று போதுமா என்று பாருங்கள். உருளைக்கு ரப்பர் உறை கிடைத்தால் போடுங்கள். கிளாம்ப் நட்டை மட்டும் அவ்வப்போது இறுக்கிவிடுங்கள்: ஓடும்போது டைனமோ கழன்று ஸ்போக்குக்குள் சிக்கினால் ஆளையே கீழே தள்ளிவிடும்.