உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

என்னிடம் ஒரு கறுப்பு பேன்ட் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு தெரியும். கொக்கி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு குழி. ஏழெட்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்ததே, நாம்தான் பெருத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, மத்தியானம் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டேன். கோடு மட்டும் போகவில்லை.

ஒருநாள் இன்ச் டேப்பை எடுத்து, நின்றபடி இடுப்பை அளந்தேன். 81 சென்டிமீட்டர். டேப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி அளந்தேன். 86. உட்கார்ந்தால் யாருக்கும் வயிறும் இடுப்பும் விரியத்தான் செய்யும், ஒல்லியானவர்களுக்கும் அப்படித்தான். நான் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஒரு நாளில் எட்டு மணி நேரம் நாற்காலியில். ஆனால் அதுவரை வாங்கிய ஒவ்வொரு உடையையும் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று, வயிற்றை எக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். அன்றிலிருந்து துணி வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்தே இருக்கிறீர்களா, நடந்துகொண்டே இருக்கிறீர்களா, போர்டில் எழுதக் கை தூக்குகிறீர்களா, குனிந்து எதையாவது எடுக்கிறீர்களா? உங்கள் உடை அந்த வேலைக்குத்தான் பொருந்த வேண்டும். நாற்காலிக்காரர்களுக்கு இடுப்பும் தொடையும் முக்கியம். கை தூக்குகிறவர்களுக்குத் தோளும் கைக்குழியும், அதாவது சட்டையில் கையைப் பொருத்தியிருக்கும் வளைவும். நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் செருப்பும் ஷூவும்தான் முதல் செலவு; அதையும் சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

வேலைக்குப் போடும் உள்ளாடையையே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பேன்ட் வாங்குவதாக இருந்தால் அதோடு போடப்போகும் செருப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பின் உயரம் தெரியாமல் பேன்ட்டின் நீளத்தை முடிவு செய்ய முடியாது.

டிரையல் ரூமில் என்ன செய்ய வேண்டும்

கண்ணாடியைப் பார்க்காதீர்கள். முதலில் உட்காருங்கள். உள்ளே ஸ்டூல் இல்லையென்றால் வெளியே வந்து ஷூ போட்டுப் பார்க்கும் இருக்கையில் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சும்மா உட்கார்ந்து எழுந்தால் போதாது, இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். முதல் அரை நிமிடத்தில் எல்லாத் துணியும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் கீபோர்டு இருப்பதுபோல் கைகளை முன்னால் நீட்டுங்கள். உயரமான அலமாரியில் ஃபைல் எடுப்பதுபோல் ஒரு கையை மேலே தூக்குங்கள். கீழே விழுந்த பேனாவை எடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, எதையும் இழுத்துச் சரிசெய்யாமல், அப்போது கண்ணாடியைப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் எப்படி இருப்பீர்களோ, அது அங்கே தெரியும்.

பேன்ட்டில் நான் முதலில் பார்ப்பது, கால் இரண்டும் சேரும் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரைக்குமான உயரம். பலரும் கவனிக்காதது இதைத்தான். அந்த உயரம் உங்களுக்குக் குறைவாக இருந்தால், இடுப்புச் சுற்றளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் உட்காரும்போது பட்டி முன்னால் வயிற்றில் வெட்டும், பின்னால் கீழே இறங்கும். பெரிய சைஸ் எடுத்தாலும் இது முழுதாகத் தீராது, வேறு வெட்டு உள்ள பேன்ட்டைத்தான் தேட வேண்டும். எனக்கு உடம்பின் மேல்பாதி நீளம். அதனால் பட்டி தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் பேன்ட்தான் ஒத்துவருகிறது. குட்டையான மேல்பாதி உள்ளவர்களுக்கு அதே பேன்ட் விலா எலும்பைக் குத்தும்.

அடுத்தது சுருக்கங்கள். எங்கே பிடிக்கிறது என்று துணியே காட்டிக்கொடுக்கும். தொடைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் மீசைபோலக் கோடுகள் ஓடினால் அங்கே இறுக்கம். பக்கப் பாக்கெட் வாயைத் திறந்துகொண்டு நின்றால் இடுப்பெலும்புக்குக் கீழே, அகலமான இடத்தில் துணி போதவில்லை. பின்பக்கத்துக்குக் கீழே தொங்கலாக மடிப்பு விழுந்தால் அங்கே துணி அதிகம். பாக்கெட் திறந்து நிற்பதைப் பார்த்து, 'என் இடுப்பு பெரிது' என்று வருத்தப்படுவோர் உண்டு. ஒரு சைஸ் மேலே எடுத்து, இடுப்புப் பட்டியை மட்டும் பிடித்துத் தைக்கச் சொன்னால் அந்தப் பாக்கெட் தானாக மூடிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு பிடிக்கக் கூடாது.

சட்டை, டாப், கோட் மாதிரியான ஜாக்கெட் எதுவானாலும் தோளிலிருந்து ஆரம்பியுங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். தையல் அங்கே நிற்க வேண்டும். தொளதொளவென்று வேண்டுமென்றே கீழே இறக்கித் தைத்த மாதிரிகள் வேறு. மற்றதில் தோள் சரியில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோளைத் திருத்த வேண்டுமானால் கையைப் பிரித்து எடுத்து மறுபடி பொருத்த வேண்டும். லைனிங் வைத்த ஜாக்கெட்டில் அது பெரிய வேலை.

கைக்குழி விஷயம் கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். தாராளமாக, கீழே இறங்கியிருந்தால் கை தூக்க வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் தெரியும்: கைக்குழி தாழ்வாக இருந்தால் கையோடு சேர்ந்து சட்டை முழுவதும் மேலே ஏறுகிறது, இடுப்பு தெரிகிறது. கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, ஆனால் அறுக்காமல் இருந்தால் கை மட்டும் தனியாகப் போகும், சட்டை நின்ற இடத்தில் நிற்கும்.

மார்புப் பகுதியில் இரண்டு பட்டன்களுக்கு நடுவே வாய் பிளப்பது நிறையப் பேருக்கு இருக்கும் தொல்லை. என் வேலையின் நான்காவது வருடம், பெரிய கூட்டம் ஒன்றில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அக்கா ஒருவர் தன் சட்டையின் மூன்றாவது பட்டனை விரலால் தட்டிக் காட்டினார். புரிந்ததும் கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். மீதி இருபது நிமிடமும் அப்படியேதான் பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கு நினைவில்லை. அந்த ஃபைலின் முனை தாடையில் பட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர் சேஃப்டி பின் கொடுத்தார். அதோடு, 'மார்புக்குச் சரியாக வாங்கிக்கொள்ளம்மா, இடுப்பை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்' என்றார். இப்போது அதைத்தான் செய்கிறேன். மார்பில் அகலமான இடத்துக்குப் பொருந்தும் சைஸை எடுத்து, பின்பக்கம் இரண்டு டாட் (துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடித்து இடுப்பைக் குறைத்துக்கொள்கிறேன். பட்டன்களுக்கு நடுவே உள்பக்கமாக ஒரு சின்னப் பிரஸ் பட்டன் தைத்துவிட்டால் நிம்மதியாகப் பேசலாம்.

தையல்காரரிடம் எதைக் கொடுக்கலாம்? நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பக்கத் தையலை உள்ளே தள்ளுவது, கை நீளத்தைக் குறைப்பது எல்லாம் எளிய வேலைதான். பெரிதாக்குவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, வாங்குமுன் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தோள், கைக்குழி, பேன்ட்டின் அந்த உயரம் மூன்றும் வாங்கும்போதே சரியாக இருக்கட்டும்.

லேபிளில் என்ன பார்ப்பது

சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். என் அலமாரியில் மூன்று வேறு எண்கள் உள்ள பேன்ட்டுகள் இருக்கின்றன, மூன்றும் எனக்குப் பொருந்துகின்றன. இந்த எண்களுக்குப் பின்னால் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. 1939, 1940 வாக்கில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில், அளந்து பார்த்தது. அதை வைத்து 1958இல் ஒரு அளவுத் தரத்தையும் அங்கே வெளியிட்டார்கள். உடம்புகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. 1983இல் அதை விலக்கிக்கொண்டார்கள். இன்றைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறுகிறது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் மனம் சோரக் கூடாது என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

லேபிளில் பார்க்க வேண்டியது துணியின் கலவை. முழுக்கப் பருத்தி என்றால் காற்றோட்டம் உண்டு, ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மடியில் கோடுகோடாகக் கசங்கும். லினன் அதைவிடக் கசங்கும். முழுப் பாலியஸ்டர் கசங்காது, ஆனால் வியர்வை வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளித் துணி, கேட்க ஆச்சரியமாக இருந்தாலும், வேலைக்கு அருமையானது. இழையே சுருள் உள்ளதால் கசங்கினாலும் தானாக விரிந்துகொள்ளும், இரவு தொங்கவிட்டால் காலையில் சரியாக இருக்கும். விஸ்கோஸ் அழகாக வழிந்து விழும், ஆனால் ஈரத்தில் பலமிழக்கும், பார்த்துத் துவைக்க வேண்டும்.

எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ் என்று போட்டிருப்பது இரண்டும் ஒன்றே. லைக்ரா என்பது அதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். டுபோன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர், இறுக்கமான உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றாக இதை உருவாக்கினார்; அதுவும் அதே 1958இல்தான். பேன்ட்டில் இது 2 அல்லது 3 சதவீதம் இருந்தால் உட்காரும்போது துணி கொஞ்சம் விரிந்து கொடுக்கும், எனக்கு அது போதும். நிறைய இருந்தால் உடம்பைக் கவ்விப் பிடிக்கும், உள்ளாடையின் தையலெல்லாம் வெளியே தெரியும்.

கடையிலேயே துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து எண்ணி விடுங்கள். கசங்கல் அப்படியே நின்றால் உங்கள் மடியிலும் நிற்கும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே விட்ட கையின் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். துவைக்கும் குறிகளில் தண்ணீர்த் தொட்டிமேல் பெருக்கல் குறி இருந்தால் வீட்டில் துவைக்க முடியாது. வாரம் இரண்டு தடவை போடும் உடை அப்படி இருந்தால் நான் வாங்குவதில்லை.

எது நமக்கு எடுப்பாக இருக்கும்

இதற்கு உடம்பைப் பழம், பாட்டில் என்று வகை பிரித்துச் சொல்லும் முறை எனக்குப் பிடிக்காது, உதவியதும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: துணி எங்கே முடிகிறது? ஓரம் முடிகிற இடத்தில் ஒரு கோடு விழுகிறது, பார்ப்பவர் கண் அங்கே போய் நிற்கும். டாப் இடுப்பின் மிக அகலமான இடத்தில் முடிந்தால் அந்த அகலம்தான் முதலில் தெரியும். கை, மேற்கையின் பருமனான இடத்தில் முடிந்தாலும் அப்படியே.

வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். எனக்குப் பிடிக்காமல் கிடந்த சாம்பல் நிற டாப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நான்கு சேஃப்டி பின்களால் அதன் கீழ் ஓரத்தை உள்ளே மடித்துக் குத்தினேன். இரண்டு விரல் மடித்தபோது ஒன்றும் மாறவில்லை. நான்கு விரல் மடித்ததும் கால்கள் நீண்டதுபோல் தெரிந்தது. ஆறு விரலில் கெட்டுப்போனது. மறுபடி நான்குக்கு வந்து, அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டுத் தைக்கக் கொடுத்தேன். கையையும் அப்படியே முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி வைத்துக்கொண்டேன். இப்போது நல்ல கூட்டம் என்றால் அதைத்தான் எடுக்கிறேன்.

நிறத்தை டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பகல் வெளிச்சம் வரும் இடத்துக்குப் போங்கள். முகத்தில் களை தெரிந்தால் எடுங்கள், தூக்கம் கெட்டதுபோல் தெரிந்தால் விடுங்கள். மனது கேட்காத நிறம் என்றால் பேன்ட்டில் வாங்கிக்கொள்ளலாம், முகத்திலிருந்து தூரம்தானே.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், உங்களுக்கு மிகப் பிடித்த பேன்ட்டையும் சட்டையையும் தரையில் பரப்பி அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள்: பட்டியின் அகலம், கால் சேரும் தையலிலிருந்து பட்டி வரை உயரம், தொடை, அடி ஓரம், தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள். உடம்பின் அளவைவிட உடையின் அளவோடு ஒப்பிடுவது நம்பகமானது. வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் வீட்டு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஜாக்கெட் என்றால் பின்பக்கத் திறப்பைச் சேர்த்துப் போட்டிருக்கும் பெருக்கல் குறித் தையலைப் பிரிக்க மறக்காதீர்கள், அது கடைவரை மடிப்புக் கலையாமல் வரப் போட்டது.

சரி, அந்தக் கறுப்பு பேன்ட். உள்ளே புரட்டிப் பார்த்தபோது பின்பக்க நடுத் தையலில் இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் துணி விட்டிருந்தார்கள். தையல்காரர் பட்டியோடு சேர்த்துப் பிரித்து, மொத்தம் மூன்று சென்டிமீட்டர் விட்டுக் கொடுத்தார். பழைய தையல் இருந்த இடம் லேசாக வெளுத்துத் தெரிந்தது, டாப் அதை மூடிக்கொள்கிறது. கொக்கியையும் எடுத்துவிட்டுத் தட்டையான பட்டன் வைத்தார். நேற்றும் அதைத்தான் போட்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதை மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.